அப்பனுடைய கை

“ஓடட்டும்ங்கிறேன்! நாய்ங்க வாயில சிக்காம அந்த மலையைத் தாண்டிட்டான்னா போதும், ஒரு—”

“பொண்டாட்டியைத் தண்ணியில அமுக்கிக் கொன்னவன்டி அவன்! நீ என்னமோ உன் பிள்ளை பட்டாளத்துக்குப் போன மாதிரி—”

“கொன்னான், இல்லைன்னு யாரு சொன்னா? அதுக்கு அவன் படுற பாட்டைப் பாரு. பச்சைக் கிழங்கைத் தின்னுகிட்டு, ஷூவுக்குள்ள ரத்தத்தோட—”

“அவன் படுற பாடா! தண்ணிக்கு அடியில கிடக்கிறவ பட்டது உனக்குப் பாடாத் தெரியலையா?”

“அவளைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அவ வந்து எங்கிட்ட சொன்னாளா? இவன் சொல்றான், நான் கேக்குறேன்.”

“வாயை மூடிக்கிட்டுச் சண்டை போடுங்க,” என்றாள் ஒலெனா. “இறகு பறக்குது.”

பறக்கத்தான் செய்தது. பரஸ்கா கையை வீசிப் பேசுகிறவள். அவள் வீசின வீச்சில் மேசை நடுவில் குவிந்திருந்த வாத்து இறகில் ஒரு கை அள்ளு மேலே எழும்பி, விளக்கைச் சுற்றி, யெவ்காவின் முக்காட்டில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. யெவ்கா அதை எடுக்காமல் முறைத்துக்கொண்டு இருந்தாள். புருவத்துக்கு மேல் வெள்ளைத் தூவியோடு அவள் முறைப்பதைப் பார்த்து அனிச்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண். சிரிப்பை அடக்க முடியாமல் முன்றானைத் துணியை வாயில் திணித்துக்கொண்டாள்.

இறகு உரிக்கிற வீட்டில் வாய் திறந்து சிரிக்கக் கூடாது. தும்மல் வந்தால் முகத்தை மடிக்குள் புதைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கதவைத் திறக்கக் கூடாது. உரித்த தூவி எல்லாம் சாக்குக்குள் போய் வாய் கட்டுகிற வரைக்கும், உள்ளே இருக்கிறவள் உள்ளே, வெளியே இருக்கிறவன் வெளியே. கதவுக்கு அடியில் ஈரக் கந்தல் திணித்திருந்தது. சன்னல் பனியில் வெளுத்துப் போய், வெளியே தோட்டம் எது, தெரு எது என்று தெரியவில்லை. அடுப்பில் புளித்த முட்டைக்கோஸ் சூப் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மூடிக்கு மேல் ஒரு செங்கல் வைத்திருந்தாள் ஒலெனா, தூவி உள்ளே போகாமல் இருக்க.

குளிர்காலம் வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் இறகு உரிப்பார்கள். இன்றைக்கு என் வீடு, நாளைக்கு உன் வீடு. இறகின் நுனியைப் பிடித்து, ஒரு பக்கம் சர்ரென்று, மறு பக்கம் சர்ரென்று கிழித்து, தூவியை முன்னால் தள்ளி, தண்டைக் காலடியில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கட்டைவிரல் தோல் வெடித்துவிடும். ஒருத்தி மட்டும் உரிக்க வேண்டாம். வாசிக்கிறவள். அவள் பங்கை மற்றவர்கள் உரிப்பார்கள்.

அந்த ஊரில் வாசிப்பு என்றால் ஒலெனாதான். புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் செத்துப் போன பிறகு, குளிர்காலம் எல்லாம் அவள் மற்றவர்கள் வீட்டு விளக்கடியில்தான் கழித்தாள். அவளுக்கு வெறுமனே வாசிக்கத் தெரியாது. புத்தகத்தில் ‘நான்’ என்று ஒருவன் சொன்னால், அவள் தொண்டையில் அந்த ‘நான்’ வந்து உட்கார்ந்துவிடும். இந்தப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை. யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு மாவு மில் கணக்கப்பிள்ளை, பொண்டாட்டியை மில் ஓடையில் தள்ளி அமுக்கிவிட்டு ஓடுகிறான். ஓடிக்கொண்டே, நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறான். எதையும் மறைக்கவில்லை. தலைமுடி கையில் எப்படி வழுக்கினது என்பது வரைக்கும் சொல்கிறான். அந்தப் பக்கத்தை வாசித்த அன்றைக்கு யெவ்காவே அழுதாள், அவனை நினைத்து.

“அந்தப் பொண்டாட்டி பேரு என்ன, ஒலெனா?” என்று கேட்டாள் யெவ்கா இப்போது. சண்டையில் தோற்றுக்கொண்டிருந்த கோபம் குரலில் இருந்தது.

ஒலெனா தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். “வரலையே.”

“ஒரு தடவைகூடவா?”

“‘அவள்’னுதான் இருக்கு. ‘என் மனைவி’ன்னு ரெண்டு இடத்துல இருக்கு.”

“பேரு எதுக்கு?” என்றாள் பரஸ்கா. “ரெண்டாம் பக்கத்துலயே செத்துட்டா. நீ படி.”

மேசையின் கடைசியில், அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்த யுஸ்தினா தலையை நிமிர்த்தினாள். ஒலெனாவின் மகள். இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கையை விரித்து வைக்க முடியாது. உள்ளங்கைத் தோல் புதுசாக வந்து, ரோஜா நிறத்தில் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. அதனால் இறகை இரண்டு விரல் நுனியால் மட்டும் இடுக்கிக்கொண்டு உரித்தாள். மற்றவர்கள் பத்து உரித்தால் அவள் மூன்று. அது அவளுக்காக உரிக்கிற இறகுதான். கலியாணத்துக்குக் கொடுத்த தூவிப் போர்வை புருஷன் வீட்டில் இருக்கிறது. இங்கே அவள் செத்துப் போன அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள்.

அவள் தலையை நிமிர்த்தியதைப் பார்த்து எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அவள் சுபாவம் அது. அன்றைக்கு விடியற்காலம் புருஷன் வீட்டிலிருந்து பால் லாரியில் வந்து இறங்கி, ஈரத் துண்டு சுற்றின கையோடு வாசலில் நின்றபோதும், “என்னடி ஆச்சு?” என்றதற்கு, “அடுப்பு,” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மருந்து போட்டபோது வரவில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துத் தலையைத் தடவிக் கேட்டபோதும் வரவில்லை.

மீதியைச் சொன்னது அவள் புருஷன் மித்ரோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இதே அடுப்படியில் வந்து நின்றான். கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவன். குடி கிடையாது. “நான்தான் அத்தை செஞ்சேன்,” என்றான். “பால் பொங்கிடிச்சு. நான் ஒண்ணு சொன்னேன், அவ ஒண்ணு சொன்னா. கையைப் பிடிச்சு அடுப்புத் தகட்டுல வெச்சு அழுத்திட்டேன்.” பிறகு, சின்ன வயசில் அப்பன் தன்னைக் கிழங்குக் குழிக்குள் போட்டுப் பலகையை மூடிவிட்டு வயலுக்குப் போனதைச் சொன்னான். சொல்லி அழுதான். நிஜமான அழுகை. ஒலெனா அவனுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை, ஆட்டுப் பாலாடைக்கட்டி உதிர்த்துப் போட்டு, முன்னால் வைத்தாள். உள்ளறையில் யுஸ்தினா, தட்டு மேசையில் படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் கிணற்றடியில் பெண்கள் கேட்டார்கள். மகள் வாயைத் திறக்கவில்லை என்று ஒலெனா எப்படிச் சொல்லுவாள்? தெரிந்ததைச் சொன்னாள். தெரிந்தது மித்ரோ சொன்னது. அவன் சொன்னது நாலு வரி. நாலு வரியை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியுமா? ஊர் அவனை மிருகம் என்று சொல்லிவிட்டால், மிருகத்துக்கா பெண்ணைக் கொடுத்தாய் என்று தன்னைத்தான் கேட்கும். ஆறப்போட்டால் சரியாகிவிடும், இவள் திரும்பிப் போவாள் என்ற எண்ணமும் இருந்தது. அப்புறம் பரஸ்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தபோது, குரல் தானாக இன்னும் கொஞ்சம் தணிந்து, இன்னும் கொஞ்சம் நிதானமாக வந்தது. அதை ஒலெனா தனக்குள்கூட ஒத்துக்கொண்டதில்லை. ரொட்டிக் கடையில் மறுபடியும் சொன்னாள். பாதிரியார் வீட்டம்மா கேட்டபோது மறுபடியும் சொன்னாள்.

“படி, ஒலெனா,” என்றாள் அனிச்கா. “நாய் கிட்டத்துல வந்துடிச்சு.”

ஒலெனா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “‘நான் பனிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நாய்கள் என்னைத் தாண்டி ஓடினால் இனி நல்லவனாக இருப்பேன் என்று…’”

“தாண்டிடும், தாண்டிடும்,” என்றாள் பரஸ்கா மூச்சை அடக்கிக்கொண்டு.

அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

“திறக்க முடியாது!” என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். “இறகு!”

“தெரியும் அத்தை,” என்றது வெளியிலிருந்து ஒரு குரல். “திறக்க வேண்டாம். மித்ரோதான்.”

யுஸ்தினாவின் விரலில் இருந்த இறகு அப்படியே நின்றது.

“பண்ணையில வேலை முடிஞ்சு நேரா வர்றேன். உள்ள வரணும்னு வரலை. யுஸ்தா இருக்கான்னா, இங்க நின்னே சொல்லிட்டுப் போயிடுறேன். அவ முகத்தைப் பார்க்கிற தகுதி எனக்கு இல்லை.”

“நிக்கிறான் பாரு, இந்தக் குளிர்ல,” என்றாள் பரஸ்கா மெதுவாக. “ஆறே உறைஞ்சு கிடக்கு.”

“சொல்லு தம்பி,” என்றாள் அனிச்கா கதவைப் பார்த்து. சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

மித்ரோ சொல்லத் தொடங்கினான். பலகைக் கதவு வழியாக வருகிற குரலுக்கு முகம் இல்லை, கை இல்லை. அது அந்தச் சூடான அறைக்குள், விளக்கடியில், இறகுக்கு மேல், புத்தகத்தில் இருந்து வருகிற குரலைப் போலவே வந்தது.

“நான் மறைக்க ஒண்ணும் இல்லை. ஊருக்கே தெரியும். பால் பொங்கிடிச்சு. சின்ன விஷயம். யாரு வீட்ல பால் பொங்கலை? அந்த வாசனை வந்ததும் எனக்கு என்னமோ ஆயிடிச்சு. குழிக்குள்ள கிடந்தப்போ மேல எங்கம்மா பால் காய்ச்சுற வாசனை மட்டும்தான் பலகைச் சந்துல வரும். எனக்குக் கிடையாது, வாசனை மட்டும்தான். இப்பவும் பால் பொங்குற வாசனை வந்தா, நான் அந்தக் குழிக்குள்ள போயிடுறேன்.”

அனிச்கா மூக்கை உறிஞ்சினாள்.

“தூவியில சொட்டாத,” என்று முணுமுணுத்தாள் யெவ்கா. “ஈரம் பட்டா கட்டி தட்டிடும்.” அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

ஒலெனாவுக்குத் தன் உதடு அசைகிற மாதிரி இருந்தது. பால் வாசனை. பலகைச் சந்து. அவன் அடுப்படியில் நின்று அழுத அன்றைக்கு, குழி என்று சொன்னான், பலகை என்று சொன்னான். வாசனை என்று சொன்னானா? இல்லை. பாலையும் குழியையும் ஒன்றாகக் கட்டினது யார்? அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கைதான் வரும். கை வரக் கூடாது, கை வரக் கூடாது என்று நினைத்தாள்.

“அவ கையைப் பிடிச்சேன் பாருங்க,” என்றது குரல், “பிடிச்சதும் குனிஞ்சு பார்த்தேன். அது என் கை இல்லை. சத்தியமா சொல்றேன், அது எங்கப்பன் கை.”

“ஐயோ, மகனே!” என்றாள் பரஸ்கா.

அந்த வரியைக் கிணற்றடியில் செய்தது ஒலெனா. வாளிக்கயிறு கையில் இருந்தது, உறைந்து போய்க் கம்பி மாதிரி. எத்தனையோ குளிர்காலம் இப்படிப்பட்ட ஆண்களை வாசித்துப் பழகின தொண்டை. என்ன சொன்னால் இறகு உரிக்கிற கைகள் நிற்கும் என்று அதற்குத் தெரியும். அன்றைக்கும் நின்றன. இன்றைக்கும், இதோ, நின்றுவிட்டன. அவள் கையில் இருந்த புத்தகம் மடியில் சரிந்தது. யுஸ்தினாவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். பார்க்க முடியவில்லை.

“எம் புருஷன் இருந்தானே,” என்றாள் பரஸ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவன் அடிச்ச அடிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடிச்சேன்னு வாயைத் திறந்து சொன்னானா? ‘நீயே போய் முட்டிக்கிட்டே’ம்பான். சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னான். இந்தப் பிள்ளை எல்லாத்தையும் சொல்லுது. பனியில நின்னு சொல்லுது. இதுக்கு மேல என்னடி வேணும் உனக்கு, யுஸ்தா?”

யுஸ்தினா விரலில் இருந்த இறகை ஒரு பக்கம் கிழித்தாள்.

“ஏதாவது சொல்லுடி. நீ சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்? நாங்க என்ன உனக்குப் பகையாளியா?”

“விடு அவளை,” என்றாள் யெவ்கா.

“விடாம என்ன? சொல்லட்டும். என்ன நடந்துச்சு?”

யுஸ்தினா இறகை மேசையில் வைத்தாள். “பூட்ஸ்,” என்றாள்.

“என்ன?”

“அவரு பூட்ஸ் காயப் போட்டிருந்தாரு. அடுப்புக்குக் கிட்ட. பால் அதுல… இல்லை, அதுக்கு முந்தி கதவு. கதவு தட்டினாரு. நான் உடனே திறக்கலை. அப்புறம் பால். பூட்ஸுக்குள்ள போச்சு. நான் சிரிச்சுட்டேன்.”

“சிரிச்சியா?” என்றாள் பரஸ்கா.

“சிரிப்பு வந்துச்சு. பூட்ஸ் நிறையப் பால்.” அவள் நிறுத்தினாள். எங்கே விட்டோம் என்று தேடுகிற மாதிரி மேசையைப் பார்த்தாள். “என் கையில மாவு இருந்துச்சு. ரொட்டிக்குப் பிசைஞ்சது. மாவு வெந்துச்சு.”

“இல்லை யுஸ்தா,” என்றது வெளியிலிருந்து குரல், பொறுமையாக, பாசமாக. “பூட்ஸ் அப்புறம். மொதல்ல பால். கதவு அன்னிக்கு இல்லை, அது முந்தின வாரம். நீ குழப்பிக்கிற.”

“ஆமா, அவன் சொல்றதுதான் சரியா வருது,” என்றாள் பரஸ்கா.

அனிச்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், மீதியைக் கேட்க. ஒலெனாவும்தான். அதை அவள் அந்த நொடியில் உணர்ந்தாள். தன் மகள் பேசிக்கொண்டிருந்தபோது, இவள் சீக்கிரம் முடிக்க மாட்டாளா, அவன் விட்ட இடத்திலிருந்து சொல்ல மாட்டானா என்று தன் காது கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

மாவு என்று இவள் என்ன சொன்னாள்? மாவு வெந்தது என்றா?

பரஸ்கா எழுந்தே விட்டாள். “வாங்கடி, அள்ளிப் போடுங்க சாக்குல. பாதி உரிச்சிருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கு உரிச்சுக்கலாம். ஒரு மனுஷன் வெளியில விறைச்சுக்கிட்டு நிக்கிறான். அனிச்கா, அந்தச் சாக்கைப் பிடி.”

அவர்கள் அள்ளத் தொடங்கினார்கள். கை வீச்சு இல்லாமல், மேலே எழும்பாமல், முன்கையால் வளைத்து வளைத்து, பழகின கைகள். யுஸ்தினா முன்னால் இருந்த சின்னக் குவியலைக்கூட அனிச்கா கேட்காமலே எடுத்துக்கொண்டாள். யுஸ்தினா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

ஒலெனாவின் கையும் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது எழுந்தாள், எப்போது பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்தாள். அது அவள் கைதான்.

“வைங்க,” என்றாள்.

“என்ன வைங்க?”

“அள்ளாதீங்க. அப்படியே வைங்க.” அவள் கதவுப் பக்கம் போனாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. பலகைக்கு நேராக நின்றாள். வாசிக்கிற குரல் வரவில்லை. கரகரப்பாக ஏதோ ஒன்று வந்தது. “மித்ரோ.”

“அத்தை.”

“அவ கையில என்ன இருந்துச்சு?”

“எந்தக் கையில அத்தை?”

“நீ அழுத்தினியே. அந்தக் கையில.”

வெளியே பூட்ஸ் பனியில் மாறி நிற்கிற சத்தம் கேட்டது. “ஒண்ணும் இல்லையே அத்தை. என்ன இருந்துச்சு? மோதிரமா?”

யெவ்கா தூவியை வளைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். ஒலெனா பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

“வீட்டுக்குப் போ மித்ரோ.”

“அத்தை?”

“போ. இந்தக் கதவு திறக்காது.”

“இறகு முடியுற வரைக்கும் நிக்கிறேன் அத்தை. எனக்கு ஒண்ணும் இல்லை.”

“இறகுக்காகச் சொல்லலை.”

பிறகு அவன் குரல் வேறு மாதிரி வந்தது, அழுகை இல்லாமல், புரியாமல், கிட்டத்தட்ட ஒரு சின்னப் பையன் கேட்கிற மாதிரி.

“நான் என்ன தப்பா சொல்லிட்டேன் அத்தை? நீங்க சொன்ன மாதிரிதானே சொன்னேன்?”

ஒலெனா பலகையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“பரஸ்கா அக்காதான் எங்கிட்ட வந்து சொன்னாங்க, கிணத்தடியில நீங்க எனக்காகப் பேசினதை. அந்தப் பால் வாசனை, அந்த அப்பன் கை. கேட்டதும் எனக்கே அழுகை வந்துடிச்சு. அதுவரைக்கும் ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியலை அத்தை. சும்மா கோவம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னப்புறம்தான், ஆமா, அப்படித்தான் இருக்கும்னு… அப்புறம்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வந்துச்சு.”

அடுப்பில் சூப் செங்கலை லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருத்தியும் ஒருத்தியைப் பார்க்கவில்லை. அனிச்கா சாக்கை மெதுவாகக் கீழே விட்டாள்.

“போ மித்ரோ,” என்றாள் ஒலெனா மறுபடியும்.

அவன் போனான். பனி மிதிபடுகிற சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. வேலியருகே ஒரு தடவை நின்றது. பிறகு கேட்கவில்லை.

பரஸ்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “இதுல என்ன இருக்கு? நீ நல்லா எடுத்துச் சொன்னே, அவன் பிடிச்சுக்கிட்டான். நீ சொன்னதா இருந்தா என்ன, அவன் சொன்னதா இருந்தா என்ன, உள்ளது உள்ளதுதானே?”

“உள்ளதா?” என்றாள் யெவ்கா.

“பின்னே? புத்தகத்துல இருக்கிற கொலைகாரனுக்கு ஒரு வாரமா அழுகிறோம். உசிரோட வந்து நின்னவனைத் துரத்துறா.”

“அழுதோம்,” என்றாள் யெவ்கா. “நானும் அழுதேன். எனக்கு வேற என்ன செய்யணும்னு தெரியலை. ஆனா அந்தப் பொண்ணு சொன்னப்போ ஒரு சொட்டு வரலையே. பூட்ஸ் முதல்லயா, பால் முதல்லயான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.” அவள் யுஸ்தினாவின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அவள் முன்னால் இருந்து அனிச்கா எடுத்த சின்னக் குவியலை இரண்டு கையாலும் அள்ளித் திரும்ப அவள் முன்னால் வைத்தாள்.

அதற்கு மேல் வேலை ஓடவில்லை. பொழுதும் சாய்ந்துவிட்டது. மீதியைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்கள். கதவுக்கு அடியில் இருந்த கந்தலை யெவ்கா உருவினாள். ஒலெனா கசகசா பன்னை ஒரு துணியில் கட்டி வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். அனிச்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பிறகு ஒன்றை வாங்கிக்கொண்டாள். சூப் யாரும் கேட்கவில்லை.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போன பரஸ்கா திரும்பி வந்தாள். மேசையில் கிடந்த புத்தகத்தைக் கண்ணால் காட்டினாள்.

“நீ இனிமே வாசிக்கப்போறியா, இல்லையா?”

“தெரியலை.”

“அப்போ அதைக் கொடு. எங்க வீட்டுல மருமகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். உன்னை மாதிரி வராது. இருந்தாலும் அவன் மலையைத் தாண்டினானா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.” கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, “என்னை என்ன பண்ணச் சொல்றே? நான் அப்படித்தான்,” என்றாள்.

ஒலெனா புத்தகத்தைக் கொடுத்தாள். பரஸ்கா அதை முன்றானைக்குள் செருகிக்கொண்டு, பனி படாமல் கையால் மூடிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தினதும் வீடு ரொம்பப் பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. யுஸ்தினா விளக்கடியை விட்டு நகரவில்லை. சாக்கில் போடாமல் விட்ட அவள் குவியல் மட்டும் மேசையில் இருந்தது. அவள் மறுபடியும் ஒரு இறகை எடுத்து, இரண்டு விரலால் இடுக்கி, ஒரு பக்கம் கிழித்தாள்.

ஒலெனா இரண்டு கிண்ணத்தில் சூப் ஊற்றி வந்து வைத்தாள். யுஸ்தினா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள், தூவி விழாமல். கோபமாகத் தள்ளினாளா, சும்மா தள்ளினாளா என்று ஒலெனாவுக்குத் தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்து அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஊரில் எவன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளால் சொல்லிவிட முடியும். எதிரே இருக்கிறவள் எதற்காக அன்றைக்குக் கதவை உடனே திறக்கவில்லை? தட்டினது எந்த வாரம்? அந்தப் பூட்ஸுக்குச் சிரித்தபோது அவள் எப்படிச் சிரித்தாள், வாய்விட்டா, வாயை மூடிக்கொண்டா? வெந்த மாவை யார் பிய்த்து எடுத்தது? எங்கே நின்று எடுத்தாள்? பால் லாரி வருகிற வரைக்கும் எங்கே நின்றாள்?

ஒலெனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல குளிர்காலத்துக்குப் பிறகு கையில் ஒரு இறகை எடுத்தாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். சரியாக வரவில்லை, பாதியில் அறுந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அறுந்தது. யுஸ்தினா பார்த்தாள். தன் கையில் இருந்ததைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எங்கே விரலை வைக்க வேண்டும் என்று காட்டினாள். புதுத் தோல் விளக்கில் பளபளத்தது. ஒலெனா அந்த இடத்தில் விரலை வைத்தாள். சர்ரென்று வந்தது.

அப்படியே ரெண்டு பேரும் உரித்தார்கள். சூப்பில் ஆடை கட்டினது. தண்டுகள் காலடியில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒலெனாவின் கட்டைவிரலில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் அதை முன்றானையில் துடைத்துக்கொண்டாள். பலமுறை வாயைத் திறந்து மூடினாள். தொண்டையில் ஒரு குரலும் இல்லை, யாருடையதும் இல்லை. கடைசியில் வந்தது, இறகைப் பார்த்தபடி, மெல்ல.

“நீ சொல்லுடி. முன்ன பின்ன வந்தாலும் பரவாயில்லை, எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அப்படியே சொல்லு. நான் யார்கிட்டயும் திருப்பிச் சொல்ல மாட்டேன்.”